வாசல் வைத்த டென்ட்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுக்கொண்ட பிறகு, நான் எழுதியதிலேயே நீளமானது ஒரு லீவு லெட்டர்தான். அதிலும் காய்ச்சல் என்று எழுதியது பொய். ஆனால் நேற்று மதியத்திலிருந்து ஏற்காட்டு மலையில் இருக்கிற என் சிநேகிதன் பழனியின் போன் கிடைக்கவில்லை. மாரமங்கலம் பக்கம் மழை பிடித்தால் முதலில் கரண்ட் போகும், பின்னாலேயே டவர் போகும், அதற்கும் பின்னால் பஸ் போகாது. இது தெரிந்ததுதான். தெரிந்தும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இன்று எனக்கு வேலையில்லாத நாள் வேறு. சும்மா இருக்கிற கைக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல ஊரை விட்டு வந்து எங்கேயோ பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவர்களும் படித்துச் சிரித்தால் போதும்.

நான் இருப்பது போலந்து நாட்டின் தெற்கு ஓரத்தில், மலையடியில் ஒரு சின்ன ஊர். ஹோட்டல் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். இந்த ஊரில் கடைக்குள்ளேயே டென்ட் அடித்து வைத்திருப்பார்கள். துணிக்கடையில் சேலை கட்டிய பொம்மை நிற்கிற மாதிரி, மலை ஏறுகிறவர்களுக்கான கடையில் வரிசையாக டென்ட் நிற்கும். ஆகஸ்டு மாதம் ஒரு நாள் நான் அங்கே போனேன். நன்றாக இருந்த ஒன்றுக்குள் நுழைந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே தலை நீட்டினேன். கடைக்கார அம்மா என் ஷூவைப் பார்த்தபடி நின்றிருந்தார். நுழையும்போது அதைக் கழற்றி வெளியே ஜோடியாக வைத்திருந்தேன். யோசித்துச் செய்ததில்லை, கால் தானாகச் செய்தது. நாற்றத்துக்குத்தான் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு ஜோடி கம்பளிச் செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இங்கேயும் வீட்டுக்குள் ஷூ போட மாட்டார்கள். வருகிற விருந்தாளிக்கு இப்படி ஒரு செருப்புக் கொடுப்பது வழக்கம். கடையில் நிற்கிற டென்டை நான் வீடு என்று நினைத்துவிட்டதால், அவர் என்னை விருந்தாளி என்று முடிவு செய்துவிட்டார். பெயர் பானி எவா. பானி என்றால் இங்கே மரியாதை. நம் ஊரில் பின்னால் ஒட்டுகிற 'ங்க'வை இவர்கள் முன்னாலேயே ஒட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு எதற்கு டென்ட்? எனக்கில்லை, பழனிக்கு. நாங்கள் இரண்டு பேரும் ஏற்காடு டவுனில் ஒரே லாட்ஜில் பெட்டி தூக்கியவர்கள். அவன் என்னைவிட நல்லவன், ஆனால் என்னைவிட மெதுவாகத்தான் பெட்டி தூக்குவான். மாரமங்கலத்துக்கு மேலே அவனுக்குக் கொஞ்சம் காபி, அதில் கொடி விட்ட மிளகு, ஓர் ஓட்டு வீடு. லாட்ஜுக்கு வருகிற பெங்களூர்க்காரர்கள் எல்லாம் மெத்தையை விட்டுவிட்டு டென்டில் படுக்க ஆசைப்படுகிறார்கள் என்று கண்டுபிடித்தவன் அவன்தான். ஆன்லைனில் மலிவாக மூன்று டென்ட் வாங்கிப் போட்டான். சனி ஞாயிறுகளில் ஆள் வந்தது. கோமதி, அவன் மனைவி, ராகிக் களியும் கோழிக் குழம்பும் செய்து போட்டாள். போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் காற்று வந்தது. சேர்வராயன் கோயில் இருக்கிற மொட்டை உச்சியில் அடிக்குமே, நிற்கிறவனைத் தள்ளிக்கொண்டே போய் உண்டியல் பக்கத்தில் விடுகிற காற்று, அது வழி தவறி இந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஒரு டென்ட் குச்சி முறிந்து படுத்தது. ஒன்று சில்வர் ஓக் மரத்து உச்சியில் போய் உட்கார்ந்தது. மூன்றாவது கிடைக்கவே இல்லை. கிளியூர் அருவியில் குளித்துக்கொண்டிருக்கும் என்று நான் இங்கிருந்து செய்தி அனுப்பினேன். பழனி பதில் போடவில்லை. அப்போதுதான் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்தது.

வந்திருந்தவர்களை எல்லாம் வீட்டுக்குள் படுக்க வைத்துவிட்டு இவர்கள் மூன்று பேரும், மகளையும் சேர்த்து, அடுப்படியில் உட்கார்ந்து விடிய வைத்திருக்கிறார்கள். கோமதியின் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். இருவருக்கும் வேலை, பக்கத்திலேயே ஒரு ரூம், மகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் தயார் என்று ஒரு வருடமாகக் கூப்பிடுகிறார். கோமதி சண்டை போடுகிற பெண் இல்லை. வீடியோவில் என்னிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஏனுங்கண்ணா, இன்னொரு மழை பாக்கறேனுங்க. அதுக்கும் பறந்துச்சுன்னா நாங்க கீழ போயர்றமுங்க. ஈரத் துணிய அடுப்புல காயப்போட்டே எனக்குச் சலிச்சுப் போச்சுங்க." அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

என் பயத்துக்கு என் சொந்தக் காரணமும் உண்டு. நான் பிறந்தது எஸ்டேட் லைன் வீட்டில். அப்பா வேலையை விட்டதும் அந்த வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது. அம்மாவும் அப்பாவும் சேலத்தில் அக்காவோடு இருக்கிறார்கள். போலந்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் கடைசி மாதம் நான் கிடந்தது பழனி வீட்டில்தான். புது ஷூவைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிய அவசரத்தில் பழைய ரப்பர் செருப்பை அவன் வாசலிலேயே விட்டுவிட்டேன். அதை யாரும் தூக்கிப் போடவில்லை. வீடியோவில் பேசும்போதெல்லாம் கோமதி போனைத் திருப்பி, "உங்க செருப்பு பத்திரமா இருக்குதுங்கண்ணா" என்று காட்டுவாள். அவர்கள் இறங்கிவிட்டால் மலைக்குப் போய்ச் செருப்பைக் கழற்ற எனக்கு ஒரு வாசல் இல்லை. பழனியிடம் இதை நான் சொன்னதில்லை. சொன்னால் ஒரு மாதத்துக்குக் கிண்டல் செய்வான். நானாக இருந்தால் இரண்டு மாதம் செய்வேன்.

ஆக, கடைக்குப் போனேன். இந்த ஊருக்கும் ஒரு காற்று உண்டு. ஹால்னி என்பார்கள். மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஏறி இந்தப் பக்கம் உருண்டு வரும். அது வீசுகிற அன்று எங்கள் தலைமைச் சமையல்காரர் யாரோடும் பேச மாட்டார், மற்ற நாட்களில் திட்டுவதற்காவது பேசுவார். இந்தக் காற்றுக்குத் தாங்குகிற டென்ட் நம் காற்றுக்கும் தாங்கும் என்பது என் கணக்கு. போனுக்குள் தமிழில் பேசி, அது மாற்றித் தந்த போலிஷை பானி எவாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். எவ்வளவு உயரம் என்று கேட்டார். ஏற்காட்டு உயரத்தைச் சொன்னேன். குளிருமா என்றார். நொம்பக் குளிரும் என்று தோளைக் கட்டிக்கொண்டு பல்லைத் தந்தியடித்துக் காட்டினேன். அங்கேதான் தப்பு நடந்தது. நம் குளிர் மப்ளரோடு முடிகிற குளிர். அவர் குளிர் காது மடலைக் கொண்டுபோகிற குளிர். காட்டெருமை வரும் என்பதற்குத் தலையில் இரண்டு கையையும் கொம்பு மாதிரி வைத்தேன். அவர் மலை ஆடு என்று நினைத்து, அது ஒன்றும் செய்யாது என்று தட்டிக் கொடுத்தார்.

அவர் காட்டியது பனிக்காலத்து டென்ட். கட்டைவிரல் தடிமனில் அலுமினியக் குழல்கள் ஒன்றை ஒன்று நாலைந்து இடத்தில் குறுக்கே தாண்டிப் போகின்றன. நான் கையை ஊன்றி அழுத்தினேன், அசையவில்லை. அடியில் சுற்றிலும் பாவாடை மாதிரி ஒரு துணி. அதன்மேல் பனியை அள்ளிப் போட்டால் காற்று உள்ளே நுழையாதாம். இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். உள்ளே போய் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எனக்குக் களம் ஞாபகம் வந்துவிட்டது. காபிப் பழத்தைக் களத்தில் காயப்போட்டு, பனி இறங்கும் முன் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். காலையில் வெயில் வந்ததும் முதல் வேலை தார்ப்பாயைத் தூக்கிவிடுவது. விட்டால் உள்ளே வேர்த்து, கொட்டை பூஞ்சை பிடித்துப் போகும். இந்த டென்டும் அப்படித்தான் இறுக்கி மூடியிருந்தது. பெங்களூர்க்காரர்களும் பூஞ்சை பிடிப்பார்களா தெரியாது, போர்வை பிடிக்கும். ஏற்காட்டு மூடுபனியில் இரண்டு பேர் ராத்திரி முழுக்க மூச்சு விட்டால் காலையில் மேலே இருந்து சொட்டும். அப்புறம் கோமதியின் அடுப்பில் அதே ஈரத் துணி.

வெளியே இருந்து பானி எவா தட்டினார். உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டிருக்க வேண்டும். உள்ளே இருந்தபடியே காபி, தார்ப்பாய், வேர்வை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் போலிஷையும் கலந்து விளக்கினேன். அவருக்குப் பிடிபட்டது காபி மட்டும். இங்கே அது காவா. ஜிப்பைக் கொஞ்சம் திறந்து ஒரு கோப்பை சூடான காபியை உள்ளே நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாங்கிக்கொண்டு மறுபடி ஜிப்பை மூடினேன். ஆவி மேலே போனது, போன இடத்திலேயே நின்றது. கோப்பையைக் கூரைத் துணிக்குப் பக்கத்தில் பிடித்துத் தொட்டுப் பார்த்தால் விரல் ஈரமானது. அந்தக் கோப்பையோடு வெளியே வந்து, ஷூ போடாமலே அடுத்த டென்டுக்குள் போனேன். அதற்கும் தடித்த குழல்தான், ஆனால் பாவாடை இல்லை. உச்சியில் தொப்பி வைத்த ஒரு ஜன்னல். ஆவி நேராக அதைத் தேடிப் போய் வெளியேறியது. வெளித்துணியை முதலில் நிறுத்திவிட்டு உள்துணியை அடியில் மாட்டலாம், மழையில் அடித்தாலும் உள்ளே நனையாது. எல்லாவற்றுக்கும் மேலே, அதற்கு முன்னால் நீண்ட ஒரு வாசல் இருந்தது. ஷூ, பை, அடுப்பு எல்லாம் வைக்கிற மாதிரி, கூரையோடு. இதுதான் வேண்டும் என்றேன். பானி எவா ஜன்னல் வழியாக மலையைக் காட்டி, விரலால் கழுத்தை அறுத்துக் காட்டினார். இதில் போனால் செத்துவிடுவாயாம். எங்கள் மலையில் குளிரில் யாரும் சாக மாட்டார்கள், காபிதான் கெட்டுப்போகும் என்பதை எந்த மொழியில் சொல்வது? காலிக் கோப்பையைக் கொடுத்துச் சிரித்தேன். கம்பளிச் செருப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

இங்கிருந்து லீவில் ஊருக்குப் போன ஓர் ஓமலூர்க்காரர் டென்டைத் தூக்கிப் போய்ச் சேர்த்தார். பழனி வீடியோவில் பிரித்தான். பிரித்ததும் அவன் செய்த காரியத்தை எங்கள் மலையில் பிறந்தவன் மட்டும்தான் செய்வான்: களத்தில் அடித்தான். சிமெண்டுத் தரை, சமமான தரை, சுத்தமான தரை. கோமதி கூட்டித் தண்ணீர் தெளித்தே வைத்திருந்தாள். சிமெண்டில் முளை இறங்குமா? இறங்காது. அதனால் கயிற்றை எல்லாம் சுற்றி இருக்கிற சில்வர் ஓக் மரத்தில் கட்டிவிட்டான். போன தடவை பறந்ததும் இப்படிக் கட்டித்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சமையலறைக் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் நின்று, மரம் ஆடினால் கூடவே டென்டும் ஆடும்டா, மண்ணில் அடிடா என்று கத்தினேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மண்ணுல அடிக்கறதுக்கு எடம் எங்கடா? எல்லாம் சரிவு. சமமா இருக்கற மண்ணுல காபிச் செடிதான் நிக்குது. புடுங்கிப் போடச் சொல்றயா?" என்றான். காய் பிடித்திருக்கிற செடியைப் பிடுங்கு என்று எவன் சொல்வான்?

போனில் கொஞ்ச நேரம் மரம் மட்டும் தெரிந்தது. பிறகு மண் வெட்டுகிற சத்தம் கேட்டது. பழனி போனைத் திருப்பினான். கோமதி மம்மட்டியோடு செடிகளுக்குள் இறங்கியிருந்தாள். திருப்பூருக்குப் பை தைத்து வைத்திருந்தவள், முதல் செடியின் வேரைச் சுற்றி வெட்டிக்கொண்டிருந்தாள். பழனி பதறிப்போய்க் கூப்பிட்டதற்கு நிமிராமலே, "செடி போனா வேற நட்டுக்கலாமுங்க. நீங்க அந்தப் பக்கம் வெட்டுங்க" என்றாள். என்னையும் விடவில்லை: "நீங்களும் போன வெச்சுட்டுக் கெழங்க உரிங்கண்ணா." 

அடித்து முடித்ததும் டென்ட் வாசலில் என் ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து ஜோடியாக வைத்தாள். ஆள் இருக்கிற வீடு மாதிரி தெரிய வேண்டுமாம். விருந்தாளி யாரையும் படுக்கவைப்பதற்கு முன்னால், முதல் பெரிய மழைக்கு அவர்களே உள்ளே உட்கார்ந்து பார்ப்பது என்று அவள் முடிவு. நின்றால் மலை, நனைந்தால் திருப்பூர். நேற்று மதியம் பழனி அனுப்பிய கடைசிச் செய்தி, மேகம் கறுத்துவிட்டது, மூன்று பேரும் உள்ளே போகிறோம் என்பதுதான்.

அதற்குப் பிறகு டவர் இல்லை. இங்கே வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. ஆனாலும் மாடியில் கதவு சாத்தினால்கூட எழுந்து ஜன்னலைப் பார்க்கிறேன், கயிறு ஏதோ அறுந்த மாதிரி. என் ஷூ வீட்டுக்காரர்களின் ஷூக்களோடு வாசல் பலகையில் வரிசையாக நிற்கிறது. காலில் பானி எவாவின் கம்பளிச் செருப்பு. இரண்டு வரிக்கு முன்னால் போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. பழனிதான். உடனே திறக்காமல் இதுவரை எழுதிவிட்டுத் திறந்தேன். படம் இல்லை, ஒரே ஒரு வரி:

"டென்ட் நின்னுருச்சுடா, வாசல்ல கெடந்த உன்ற செருப்பத்தான் காத்து கொண்டு போயிருச்சு, வந்து தேடிக்க."