நாதன் சார் சொல்லாமல் விட்ட ஒரு 'வேண்டாம்'

நாதன் சார் போய்விட்டார். இன்று காலை, கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டில்.

அவர் பெண் சுதா போனில் சொன்னாள். டாக்ஸியில் உட்கார்ந்து இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு... எழுபதுகளின் கடைசியில் கல்கத்தாவில், விமானிகளுக்கு வானிலை சொல்லும் ஆபீஸில் அவர் அதிகாரி. நான் அதே அறையில் டெலிபிரிண்டர் ஆபரேட்டர்.

அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ். அண்ணன் தங்கை என்றே பெங்காலிகள் பலர் நினைத்திருந்தார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

மனுஷனுக்கு யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல வராது. லீவு கேட்டால், டிரான்ஸ்ஃபர் கேட்டால், எதற்கும் ஒரே பதில்தான். "பார்க்கலாம்."

நமக்குத் தெரியும், அதற்கு என்ன அர்த்தம் என்று. நடக்காது என்று அர்த்தம்.

ஒரு சித்திரை மாதம். நியூசிலாந்திலிருந்து ஒரு அம்மாள் வந்து இறங்கினார். தனி ஆளாக உலகத்தைச் சுற்றுகிறாராம். இரண்டடுக்கு இறக்கை, துணி போர்த்திய பழைய குட்டி விமானம், தலைக்கு மேல் கூரைகூட இல்லை... யுத்தத்துக்கு முந்தைய காலத்து வண்டி.

மார்கரெட் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். முகமெல்லாம் வெயிலில் உரிந்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. நான் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் கால்பொய்ஷாகி வரும் என்று சார் கணித்திருந்தார். சித்திரை வைகாசியில் வடமேற்கிலிருந்து திடுமென்று வந்து அடித்துப் போடும் புயல். பெரிய விமானங்களே அதைக் கண்டால் ஒதுங்கும்.

அந்த அம்மாள் கவுன்டரில் சாய்ந்துகொண்டு இங்கிலீஷில் கேட்டார். "மிஸ்டர் நேதன், அது வருவதற்குள் நான் கிளம்பிவிடலாமா?"

சார் மேப்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் ரொம்ப மரியாதையாக, "வி கேன் ஸீ, மேடம்" என்றார்.

பார்க்கலாம்! அப்படியே இங்கிலீஷில்.

"யூ கேன் ஸீ? மார்வலஸ்!" என்று சார் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார். வழி தெளிவாகத் தெரிகிறது, போகலாம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் ஹோட்டலுக்குப் போகிறார் என்று சார் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். சார் வெளியே ஓடினார், பின்னாலேயே நான். விமானம் கிழக்கே சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது.

"லலிதா, அந்தம்மா போயிட்டாளா?"

"நீங்கதானே சார் சொன்னேள்?"

"நான் வேண்டாம்னுதானே சொன்னேன்!"

அந்த முகத்தை என்னால் மறக்கவே முடியாது.

ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. அப்புறம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கதவு ஜன்னலெல்லாம் அடித்துக்கொண்டன, புழுதி, மழை, கரண்ட் போயிற்று.

சார் என் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கிச்சு ஹோபே நா, தாதா" என்று கூட வேலை பார்த்த கோஷ் பாபு தோளைத் தட்டினார், ஒன்றும் ஆகாது என்று. சார் காதில் எதுவும் விழவில்லை.

சாயங்காலம் கரண்ட் வந்து மெஷின் தட்டியது. எல்லை தாண்டி, பங்களாதேஷ் ஜெஸ்ஸோரில் இறங்கிவிட்டார், பத்திரம், இறக்கையில் மட்டும் கிழிசல்.

பேப்பரைக் கிழித்துக் கொடுத்தேன். படித்துவிட்டு எல்லார் முன்னாலும் அழுதார்.

அந்த அம்மாள் உலகத்தைச் சுற்றி முடித்து ஊர் போய்ச் சேர்ந்ததைப் பிறகு பேப்பரில் படித்தோம். இங்கே நாதன் சார் ஆளே மாறிவிட்டார்.

லீவு கேட்டால், "கிடையாது." வீட்டுக்கு வந்து சம்பந்தம் பேசியவர்களிடம் காப்பி ஆறுவதற்குள், "எங்களுக்கு இஷ்டமில்லை." சாரின் மனைவி, மாமி, வெலவெலத்துப் போனாராம்.

கரியாஹாட் புடவைக் கடையில் எல்லோரும் "அப்புறம் வரேன்" என்று நழுவுவோம் இல்லையா? சார் மட்டும் நின்று, "பிடிக்கலை, வரமாட்டேன்" என்பார். கடைக்காரர்களுக்கு என்னவோ அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும்...

போன மாதம் பார்க்கப் போனேன். படுக்கையோடு இருந்தார். டாக்டர் "தேகா ஜாக்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெங்காலிப் பார்க்கலாம்.

"லலிதா, ஆளாளுக்குப் பார்க்கலாம் பார்க்கலாம்ங்கறா. நீ சொல்லு, நான் தேறுவேனா?"

ரிப்போர்ட்டை சுதா ஏற்கெனவே எனக்குக் காட்டியிருந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று, சொல்லாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"இல்லை சார்" என்றேன்.

சார் சுவரில் இருந்த பிள்ளையின் போட்டோவைப் பார்த்தார். அப்புறம், "சரி. அப்போ ரவியை உடனே வரச் சொல்லு. லீவு கிடைக்குமான்னு பார்த்துண்டு உட்கார்ந்திருக்கான்."

மாடிப்படியில் சுதா என்னை நிறுத்தினாள். "அதைச் சொல்றதுக்கு நீங்க யார் அத்தை?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். அந்தக் கேள்வி இன்னும் கூடவே வருகிறது.

ரவி அமெரிக்காவிலிருந்து வந்தான். கடைசி நாட்களில் கூடவே இருந்தான். இன்று காலை காப்பி கொடுத்ததும் அவன்தானாம். அரை டம்ளர் குடித்தாராம்.

படியில் பேசியதற்குப் பிறகு சுதா என்னோடு பேசவே இல்லை. இன்றைக்குத்தான் போன். விஷயத்தைச் சொல்லிவிட்டு வைக்காமல் அப்படியே இருந்தாள்...

"வரேளா அத்தை?"

லேக் கார்டன்ஸ் திருப்பம் வந்துவிட்டது. இறங்க வேண்டும்.

வந்துவிட்டேன் சார்.