நெல் தராசில் ஏறிய அண்ணி

கல்யாணமாகி நான்கு வருடமாகியும் அண்ணிக்குக் குழந்தையில்லை. எடை குறைந்தால் கரு தங்கும் என்று எங்கோ படித்த நான், வாராவாரம் அவரை நெல்மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினேன்.

“ஒண்ணரை மூட்டை தேறும்டி!” என்று அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். கைப்பிடிச் சோறுதான் போட்டேன். ஆறே மாதத்தில் அண்ணிக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது.

கும்பகோணத்து டாக்டரம்மா என்னைத் திட்டினார். “பட்டினி போட்டா கரு எப்படிம்மா தங்கும்? ஆம்பளைக்கு எடை கூடினாலும் விந்தணு குறையலாம். அவரைச் சோதிச்சீங்களா?”

நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்த அண்ணன் சீறினான். “எனக்கென்ன குறை?”

வெளியே வந்ததும் அண்ணி கேட்டார். “அவரை ஒருநாளாவது தராசுல ஏறச் சொன்னியா?”

படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. அன்று தாய்வீடு போனவர் திரும்பவில்லை.

இந்தக் குறுவை அறுவடைக்கும் தராசை வெளியே எடுத்தோம். அண்ணன் அதில் மூட்டைகளை மட்டும்தான் ஏற்றினான்.