பொணமேட்டுக் கொல்லியும் எங்கள் வரைபடமும்

1. ஏழுமலை வந்த நாள்

கீழ்பென்னாத்தூர் ஏழுமலை எங்கள் அறைக்குள் வந்தபோது ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என் கொல்லிய பொணமேடுன்னு கம்ப்யூட்டர்ல போட்டது யாரு?"

திருவண்ணாமலையில் ஒரு பல்கலைக்கழகத்தின் மானுடப் புல ஆய்வு நிலையத்தில் நான் வேலை பார்த்தேன். வரலாறு, மொழி, நாட்டார் வழக்காறு ஆய்வாளர்களுக்கு உதவித்தொகையும் தொழில்நுட்ப உதவியும் தருவது அதன் வேலை. நான் கணினியில் வரைபடம் உருவாக்கும் ஜி.ஐ.எஸ். படித்தவள். ஆய்வு மாணவி கலைவாணி ஊர் ஊராகப் போய் நிலங்களின் பெயர்களைக் கேட்டு வருவாள். பட்டாவில் இருப்பது சர்வே எண். ஊர்க்காரர்கள் வாயில் ஒவ்வொரு புன்செய்க் கொல்லிக்கும் நன்செய்க் கழனிக்கும் ஒரு பெயர் உண்டு. அவற்றை இணைய வரைபடத்தின் மேல் ஒரு தனி அடுக்காக, லேயராக, ஏற்றினேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிலையத்தைத் தொடரலாமா என்று முடிவு செய்ய மறுமாதம் ஒரு குழு வர இருந்தது. அவர்களிடம் காட்ட எங்களுக்கு இருந்தது அந்த வரைபடம்தான்.

மகளை நர்சிங் சேர்க்க ஏழுமலை நிலத்தை விற்கப் பார்த்தார். ப்ளாட் போடுகிறவர் வரைபடத்தில் பெயரைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார்.

"நீங்கதானண்ணா சொன்னீங்க? ஒப்புதல் படிவத்துல கையெழுத்துகூடப் போட்டீங்க" என்றாள் கலைவாணி.

"உனுக்குச் சொன்னேன்மா. படிக்கிற பொண்ணு வெயில்ல வந்துகீதேன்னு டீ வாங்கிக் குடுத்துச் சொன்னேன். நிலம் வாங்கறவனுக்கா சொன்னேன்? என் தலையில நானே மண்ணப் போட்டுக்கினேன்."



2. லேயர்

"அந்த ஒரு பேர மட்டும் எடுத்துடுங்க" என்றார் நிலைய இயக்குநர். எடுத்தேன். செய்தி பரவியது. மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். பேய்க்கழனிக்காரம்மா ஒருவர் என் நாற்காலி அருகிலேயே நின்றுகொண்டார்.

"எடுக்கறதோட வுட்டுடாத கண்ணு. லட்சுமிக் கழனின்னு மாத்திப் போடு. புண்ணியமாப் போவும்."

இயக்குநர் சிரித்தார். கலைவாணி சிரிக்கவில்லை.

இயக்குநருக்கு மூன்று வழிகளை எழுதிக் கொடுத்தேன்: அப்படியே விடுவது, கேட்பவர்களுக்கு மட்டும் நீக்குவது, லேயரையே பொதுப் பார்வையிலிருந்து மூடுவது.

"மூடிடுங்கக்கா. நாளைக்கு நான் அவங்க வீட்டு வாசல்லதான் போய் நிக்கணும்" என்றாள் கலைவாணி. "ஆனா குழுவுக்கு என்ன காட்டுவீங்க?"

மூடினேன்.

3. குழு

குழுவில் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல கோடும் சர்வே நம்பரும்தானே இருக்கு? தாலுகா ஆபீஸ்லயே கிடைக்குமே."

பெயர்களை ஏன் மறைத்தோம் என்றும், ஊர்க்காரர்களைக் கேட்காமல் குழுவுக்கும் திறக்க முடியாது என்றும் இயக்குநர் விளக்கினார்.

"அப்ப, வேலை செஞ்சிருக்கோம்ன்றீங்க. ஆனா காட்ட மாட்டோம்ன்றீங்க."

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நிலையத்தைத் திறன் பயிற்சி மையத்தோடு இணைத்துவிட்டார்கள். எங்கள் அறையில் இப்போது டேலி கணக்கு வகுப்பு நடக்கிறது. கலைவாணியின் உதவித்தொகை நின்றது. அடி அண்ணாமலை பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்கிறாள். ஆய்வேடு பாதியில் கிடக்கிறது.

நிலம் விற்றதா என்று கேட்க ஏழுமலைக்குப் போன் செய்தேன்.

"எங்க வித்துச்சும்மா! இன்னொருத்தன் வந்தான். மேப்பு எதுவும் பாக்கல, நேரா டீக்கடையில விசாரிச்சிட்டான். ஊரே பேரச் சொல்லிச்சு. மறுபடி மல்லாட்டையே வெதச்சிட்டேன். பொண்ணு ஷூ கம்பெனிக்குப் போவுது."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

இப்படி ஒரு நிலையத்தில் சேரப்போகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இதுதான். ஒப்புதல் வாங்கும்போது "பதிவு செய்யலாமா" என்று மட்டும் கேட்காதீர்கள். போனில் வரைபடத்தைத் திறந்து, அவருடைய நிலத்தின் மேல் அந்தப் பெயர் எப்படித் தெரியும் என்று காட்டுங்கள். யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள். பலர் வேண்டாம் என்பார்கள். வரைபடத்தில் அந்த இடங்கள் காலியாகவே இருக்கும். அந்தக் காலி இடங்களைக் காட்டி ஒரு குழு கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.