பாக்ஸும் பொக்ஸும்

கண்ணாடியைத் தேடி எடுக்கப் பஞ்சிப்படுகிறேன் என்று, வருகிற செய்திகளை வாசித்துக் காட்டும் வசதியை மகள் என் போனில் போட்டுத் தந்திருக்கிறாள். நேற்று தங்கச்சி, "ரீ குடிக்க வாறன்" என்று எழுதியிருந்தாள். போன்காரி எழுத்தில் உள்ளபடியே ரகரத்தை ரகரமாகப் படித்தாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். டீயை நாங்கள் 'ரீ' என்று எழுதுவோம். சொல்லும்போது ரகரம் வராது. நாக்கு நுனி பல்லுக்குச் சற்று மேலே தட்டும், கிட்டத்தட்ட டகரம்தான். ரீச்சர், ரிக்கெற் எல்லாம் இப்படித்தான். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து என் சிநேகிதி மெற்றில்டா திரும்பி வந்த அன்று, மன்னார் பஸ் நிலையத்துக் கடைப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "யாருடி அந்த ரீ?" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற கழுதைகூடத் திரும்பிப் பார்த்தது. முகாமில் அவள் மெட்டில்டா. ஊருக்கு வந்ததும் பெயரின் எழுத்தும் மாறிவிட்டது.

முகாமின் குழாயடியில் குடத்தோடு காத்திருக்கும்போது எனக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தவள் அவள்தான். எழுத்துப் பிழைத்தால் தலையில் குட்டு விழும். எங்கள் குடும்பம் முந்தி ஊர் திரும்பியதால் என் நாக்கு முந்தி மாறியிருந்தது. அவளைவிட எனக்கு வாய்த்தது அது ஒன்றுதான்.

வெயிலில் காய்ந்த புதுத்தகரத்தின் மணம் வந்தால் இப்போதும் எனக்கு அந்த நாள்தான் நினைவு. நறுவிலிக்குளத்தில் மீளக்குடியேறிய பிள்ளைகளுக்கு ஒரு தகரக் கொட்டகையில் மாலை வகுப்புத் தொடங்கினார்கள். ஆங்கிலத்துக்கு ஒரு ரீச்சர்தான் வேண்டும். போனது நாங்கள் இருவர். மெற்றில்டாவின் தகப்பன் வருத்தக்காரர், நோயாளி மனிதர். அவள் உழைத்தால்தான் அடுப்பு எரியும். ஆள் எடுக்க வந்த மேடம், "பிள்ளையளுக்குக் கொஞ்சச் சொல் சொல்லி எழுதப் பண்ணுங்கோ" என்றார்.

மெற்றில்டா "பாக்ஸ்" என்றாள். பிறகு "ஷாப்", "பால்". அவள் படித்த இடத்தில் அப்படித்தான். எங்கள் பிள்ளைகளுக்கோ அது பொக்ஸ், ஷொப், போல். "குடிக்கிற பாலோ ரீச்சர்?" என்று ஒரு சின்னப்பிள்ளை கேட்டது. பெட்டிக்கும் கடைக்கும் ஆங்கில 'ஓ' வரவேண்டிய இடத்தில் 'ஏ' எழுதி வைத்திருந்தார்கள். அதே சொற்களை நான் சொன்னதும் மளமளவென்று சரியாக எழுதினார்கள்.

"எனக்குப் படிப்பிச்சதே இவதான் மேடம். எழுத்துப் பிழையெல்லாம் எனக்குத்தான் வரும்" என்றேன்.

"அப்ப நீங்கள் குருவையும் மிஞ்சிட்டீங்கள்" என்று மேடம் சிரித்தார். வேலை எனக்கு. உள்ளதைச் சொல்லிவிட்டேன்தானே என்று மனதைத் தேற்றினாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வழியில் நான்தான் அழுதேன்.

"சீ, அழாதடி. எனக்கும் அப்படிப் பேசக் கத்துக்குடு" என்றாள்.

கற்றுக்கொடுத்தேன். "பாக்ஸ் இல்லையடி, பொக்ஸ்" என்று இப்போது குட்டுவது என் முறையாயிற்று. மாரி முடியுமுன் பண்றேன் 'செய்யிறன்' ஆனது; பேசுறேன் 'கதைக்கிறன்' ஆனது. அவளுக்கும் வேலை கிடைத்தது. இன்று என்னைவிட நல்ல ரீச்சர். பிறகென்ன குறை என்று கேட்பீர்கள். நானும் அப்படிச் சொல்லித்தான் என்னைச் சமாளித்து வந்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். கைப்பிள்ளையைத் தூக்கி, "என்ர டொல்" என்று கொஞ்சியவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா என்னை 'டாலு, டாலு' எண்டுதான் கூப்பிடுறவ. முகாமில பழகின இங்கிலீசு, பொம்மையெண்டு செல்லமா."

தாய் முகாமிலேயே இறந்துபோனா. அவவின் படம் ஒன்றுகூட இவளிடம் இல்லை.

"டாலு" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். குட்டிக் குட்டித் திருத்திய என் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"முந்தி நான் வாயைத் திறந்தாலே அம்மா கதைக்கிற மாதிரி இருக்கும்" என்றாள். "இப்ப சொல் மட்டும்தானடி வருது."