ஒன்பது மாடி இறக்கம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மலைப் பைத்தியம் பிடித்து மூன்று மாதமாகிறது. அன்றிலிருந்து மனுஷன் ஓரிடத்தில் உட்காரவில்லை. பையை அடுக்குவார், பிரிப்பார், ஒரு சாக்ஸைக் கூட்டி ஒரு சட்டையைக் குறைத்து மறுபடி அடுக்குவார். புது பூட்ஸ் காலுக்குப் பழகவேண்டுமாம், வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு தடதடவென்று நடப்பார். எட்டாவது மாடிக்காரர் இரண்டு முறை மேலே வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்.

ஆறு நாள் ஏற்றம், மூன்று நாள் இறக்கம், கூடவே ஒரு வழிகாட்டி. ஐம்பத்துமூன்று வயதில் இதெல்லாம் எதற்கு என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"முப்பது வருஷமா லிஃப்ட் குழிக்குள்ளயே ஏறி இறங்கிட்டேன். நாலு பக்கமும் சுவரு. ஒரு தடவையாவது சுவரில்லாத உயரத்துல நின்னு பாத்துடணும்."

வாய் கிழியப் பேசினாலும் தனியாகப் போகப் பயம். மலையேறும் குழுவில் மனைவி பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று அந்த அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் தனக்கென்று ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வந்தார்.

தெருமுனையில் அந்த அம்மாவுக்குத் தையல் கடை. கல்யாணமான புதிதில் லிஃப்டில் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் கத்தியவர். அதற்குப்பின் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக் பெண்டாட்டி படியேறிப் போகிறாள் என்று கட்டடமே சிரித்தது. இருபத்தாறு வருஷமாகத் துணி மூட்டையும் கையுமாக ஒன்பது மாடி ஏறுவார், இறங்குவார்.

மெக்கானிக்கின் பயிற்சி வேறு விதம். ஸ்பேனரையும் பழைய இரும்பையும் துண்டில் சுற்றி அடைத்த பன்னிரண்டு கிலோ பையோடு காலையில் ஐந்து முறை படியேறுவார். ஒவ்வொரு முறையும் லிஃப்டில் இறங்குவார். இறங்கும்போதே லிஃப்டின் கம்பிக்கயிற்றுச் சத்தத்தையும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாமே! இறங்குவதையெல்லாம் ஒரு வேலையாக அவர் நினைத்ததேயில்லை.

புறப்படப் பத்து நாள் இருக்கையில், வழிகாட்டிப் பெண் எல்லோரையும் விளையாட்டு மைதானத்துக்கு வரச்சொன்னாள். பையோடு கேலரிப் படிகளில் இருபது முறை ஏறி இறங்கவேண்டும். தேறியவர்களுக்குத்தான் மலை.

மெக்கானிக் பறந்து ஏறினார். கூட வந்த இளவட்டங்களே வாயைப் பிளந்தார்கள். மூன்றாவது முறை இறங்கும்போது தொடை வெடவெடவென்று ஆடியது. ஆறாவது முறை முட்டி மடங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்படிண்ணா பயிற்சி எடுத்தீங்க?"

சொன்னார். வழிகாட்டி சிரிக்கவில்லை.

"மலையில இறக்கம்தாண்ணா முட்டியை வாங்கும். அங்க நீங்க உட்கார்ந்துட்டா நாலு பேரு தூக்கணும். பத்து நாள்ல இது சரியாகாது. அடுத்த வருஷம் வாங்க." பிறகு, இருபது முறையும் முடித்து நின்ற அந்த அம்மா பக்கம் திரும்பினாள். "நீங்க வரலாம்க்கா."

மெக்கானிக்குக்கு வயிறெரிந்தது. பொறாமைதான், வேறென்ன.

கட்டடத்துக்கு வந்ததும் நொண்டி நொண்டி லிஃப்டுக்குள் போனார். வழக்கம்போல் படிப்பக்கம் திரும்பிய அந்த அம்மா, அவர் காலைப் பார்த்தார். சட்டென்று உள்ளே வந்துவிட்டார்.

"கதவை மூடுங்க. சீக்கிரம்."

நாலாவது மாடியில் லிஃப்ட் லேசாகக் குலுங்கியது. அந்த அம்மாவின் நகங்கள் மெக்கானிக்கின் கையில் பதிந்தன.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நான் பாத்து வெச்ச லிஃப்ட்தான், நிக்காது."

கண்ணைத் திறக்காமலே அந்த அம்மா சொன்னார்: "நான் போகலைங்க. நீங்க இல்லாம எனக்கென்ன மலை?"

வழியெல்லாம் அவர் எதிர்பார்த்திருந்த வார்த்தை அது. வந்தபிறகு இனிக்கவில்லை. அவர் தன் பையை மைதானத்திலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாயிற்று. அந்த அம்மாவின் முதுகில் பை அப்படியே இருந்தது. இன்னொரு கை அதன் வாரைப் பிடித்திருந்தது. போகவேண்டும் என்று ஆசைப்படுகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஒன்பதாவது மாடியில் கதவு திறந்ததும் அந்த அம்மா முதல் ஆளாக வெளியே பாய்ந்தார்.

"போயிட்டு வா," என்றார் மெக்கானிக் பின்னாலிருந்து.

"என்னது?"

"எனக்கு வயித்தெரிச்சல்தான், இல்லேங்கல. இருந்தாலும் போயிட்டு வா. இதுக்குள்ளயே வந்துட்டே, அங்க என்ன பயம்?"

வீட்டில் தன் பையைத் தரையில் கவிழ்த்தார். தடித்த கையுறையையும் சாக்ஸையும் நெற்றி விளக்கையும் எடுத்து மனைவியின் பையில் வைத்தார். அவருடைய சாக்ஸ் பெரிது என்று அந்த அம்மா திருப்பிக் கொடுத்தார், கையுறையைக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் லிஃப்ட் வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றது. மெக்கானிக் அதைப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து, ஒன்பது மாடியும் படியில் இறங்கினார்.