பெருவிரலும் ஒரு டம்ளர் பானகமும்

காணும் பொங்கலன்று விடியற்காலையில் என் வலது கால் பெருவிரல் வீங்கியது. முந்தின நாள் மாட்டுப் பொங்கல். திருமயம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் அன்று ஆட்டுக்கறி வேகாத வீடுகள் குறைவு. நானோ தைப்பூசத்துக்கு விராலிமலை நடப்பதற்காக மார்கழி முதல் தேதியே மாலை போட்டவன். ஒரு வேளைச் சாப்பாடு, வெறுங்கால், கறி மீன் கிடையாது. வீட்டிலும் எனக்காக யாரும் தொடவில்லை.

வேட்டி நுனி பட்டாலே விரல் துடித்தது. மனைவி ஆட்டோ பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போனாள். வெளியே பெஞ்சில் எங்கள் நடைக்குழுவின் குருசாமி பிரஷர் மாத்திரைக்காக உட்கார்ந்திருந்தார். ரத்தச் சோதனை முடிவைப் பார்த்த டாக்டருக்குக் குரல் கொஞ்சம் பெரிது.

“யூரிக் ஆசிட் ஏறிக் கெடக்கு. கறி, மீன், தண்ணி எல்லாம் உண்டா?”

“மாலை போட்டிருக்கேங்க.”

“அது தெரியுது. நேத்து என்ன சாப்பிட்டீங்க?”

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நான் நொண்டிக்கொண்டு வெளியே வந்தபோது குருசாமி என் தோளைத் தொட்டு, “பொங்கல்னா வாய் கேக்கத்தான் செய்யும் சாமி. முருகன் பொறுத்துக்குவான்” என்றார். அந்தக் கருணையைத்தான் தாங்க முடியவில்லை.

“எங்க வீட்டு அடுப்புல என்ன வெந்துச்சுன்னு என்னையக் கேளுங்க சாமி” என்றாள் மனைவி. அவர் கேட்கவில்லை. சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில், “என்னக்கா, தலைக்கறியா, குடல் கொழம்பா?” என்று அவளைத்தான் கேட்டார்கள்.

வலி தணிந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். யூரிக் அமிலம் நம் உடம்பே உண்டாக்கும் கழிவு. கறி தின்றால்தான் வரும் என்பதில்லை. சிறுநீரகம் அதை வடிகட்டுகிறது. ஆனால் அங்குள்ள நுண்குழாய்களின் செல்கள், வடிந்ததில் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. செல்லின் சவ்வில் அதற்கென்று புரதக் கதவுகள் இருக்கின்றன. வேறோர் அமிலத்தை வெளியே விட்டு, மாற்றாக இதை உள்ளே வாங்கும் கதவுகள். பட்டினி கிடந்தால் கொழுப்பு கரைந்து அப்படிப்பட்ட அமிலங்கள் பெருகும். கதவுகளின் வேலையும் கூடும். வெளியேற வேண்டியது ரத்தத்துக்கே திரும்பும். மிஞ்சியது குளிர்ந்த பெருவிரல் மூட்டில் ஊசி ஊசியாகப் படியும். வெள்ளையணுக்கள் அந்த ஊசிகளை விழுங்கப் போய்த்தான் வீக்கமும் நெருப்பும். வெல்லத்தின் இனிப்பும் ஈரலில் இதே அமிலத்தைக் கூட்டுமாம். விட்ட மற்ற வேளைகளுக்கு ஈடாக நான் நாள் முழுக்கக் குடித்தது வெல்லப் பானகம்.

ஆக, என்னைக் காட்டிக்கொடுத்தது விரத மீறல் அல்ல, விரதமே. டாக்டரிடம் கேட்டேன். “இருக்கலாம். உங்க கிட்னிக்கு இயல்பாவே வெளியேத்துற சக்தி கம்மியாவும் இருக்கலாம். இனிப்புத் தண்ணிய விடுங்க, வெறும் தண்ணி நெறையக் குடிங்க” என்றார். இந்த முறை மெதுவாகச் சொன்னார். பெஞ்சில் யாருக்கும் கேட்டிருக்காது.

அந்தக் காலோடு நடக்க முடியவில்லை. “நான் பால்குடம் எடுக்கிறேன். பாக்கட்டும் எல்லாரும்” என்று மனைவி எனக்குப் பதிலாக நடந்தாள். பூசத்தன்று நான் செருப்புக் காலோடு பஸ்ஸில் போய் மலையடிவாரத்தில் காத்திருந்தேன். மாலை போட்டவன் செருப்போடு நின்றதை வருகிறவர்களெல்லாம் பார்த்தார்கள். குருசாமியிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன்: செல், கதவு, அமிலம், விரதம்.

குழு வந்து சேர்ந்தது. வெடித்த பாதங்களோடு மனைவி குடத்தை இறக்காமல் நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பந்தலிலிருந்து ஒரு டம்ளர் பானகத்தை வாங்கி என்னிடம் நீட்டினார் குருசாமி.

“குடிங்க சாமி. மனசுல குத்தமில்லன்னா குடிக்கலாம்.”

எல்லோரும் பார்த்தார்கள். மறுத்தால் கறி தின்றதை ஒப்புக்கொண்டதாகிவிடும். மனைவி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நான் அண்ணாந்து முழுவதையும் குடித்தேன். “முருகா!” என்று குழு குரல் கொடுத்தது. அதோடு என் வழக்கு தீர்ந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள்: “படிச்சத ஒரு வார்த்தை சொல்ல முடியலையா ஒங்களுக்கு?”

மறுநாள் காலை விரல் மறுபடி சிவந்திருந்தது. அவள் பார்ப்பதற்குள் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.