பஸ் நிறுத்தத்தில் கேட்க வேண்டிய கேள்வி

பல்கலைக்கழகத்தில் எனக்குக் கடைசி ஆண்டு. அந்த ஆண்டுதான் ‘தொழில்முனைவு’ என்ற புதிய பாடத்தைக் கட்டாயமாக்கினார்கள். பரீட்சை கிடையாது. மூன்று பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, சந்தையில் இல்லாத ஒரு பொருளை உண்டாக்கி, ஆறு வாரம் விடாமல் விற்றுக் காட்ட வேண்டும். ஒரு வாரம் விட்டுப்போனாலும் பாடம் போச்சு. பட்டமும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகும். எங்களுடையதோ குமாஸ்தாக் குடும்பம். ஒரு தீப்பெட்டியைக்கூட யாரும் விற்றதில்லை.

என் குழுவில் ஒரு சீனப் பெண்ணும் ஒரு மலாய் இளைஞரும் இருந்தார்கள். இருவரும் விடுதிவாசிகள். பல்கலைக்கழகம் தீவில் இருந்தது; நான் எதிர்க்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரி ஏறிப் போய்வந்தேன். யோசனை என்னுடையதுதான்: அரைத்த தோசை மாவைப் பாக்கெட்டில் போட்டு விற்பது. இன்று கேட்டால் சிரிப்பீர்கள். அன்று எங்கள் பக்கத்துக் கடைகளில் அது கிடைக்காது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் பஸ் ஏறும் பெண்கள் எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருந்தார்கள். வேலை முடிந்து வந்து மாவு அரைக்கும் அவர்களுக்கு இது பெரிய உபகாரம் என்று நம்பினேன்.

விரிவுரையாளர் முதலில் கருத்துக் கணிப்பு எடுக்கச் சொன்னார். படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் மாமியார் ஹாலில் உட்கார்ந்திருக்க, மருமகள் முகத்தைச் சுளித்தாள்.

“கடை மாவா? சேச்சே, எங்க வீட்டுல வாயிலயே வைக்க மாட்டாங்க.”

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். தொழிற்சாலையில் வேலை பார்த்த என் அண்ணி, அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் கோடு போட்டார். படிவங்களைப் புரட்டிய விரிவுரையாளர் வேறு பொருளைத் தேடச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம். கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணியிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் சிரித்தார்.

“படிச்ச புள்ளதானே நீ? மாமியார வச்சுக்கிட்டுக் கேட்டா எவ லா ஆமான்னு சொல்லுவா? காலையில பஸ் நிக்கிற எடத்துல வந்து கேளு.”

மறுநாள் விடிவதற்குள் அங்கே போய் நின்றேன். முகம் சுளித்த அதே பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “எப்ப கொண்டாருவ?” என்றார் ஒருவர். “பேப்பர்ல சுத்திக் குடு தங்கச்சி, வெளிய தெரியக் கூடாது,” என்றார் இன்னொருவர். புதிய படிவங்களைப் பார்த்த விரிவுரையாளர் சரி, செய்யுங்கள் என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடுதியில் அடுப்பே கிடையாது. அதனால் அரைக்கும் இடம் எங்கள் வீடு, அரைக்கும் ஆள் அண்ணி. அன்று மாலை அம்மாவும் அண்ணனும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

“அண்ணி, ஆறு வாரத்துக்கு மாவு அரைச்சுத் தருவீங்கதானே?”

“அதுக்கென்ன, தரேன்,” என்றார். அறிக்கையில் ‘உழைப்பு’ என்ற இடத்தில் ‘குடும்ப உதவி’ என்று எழுதினேன்.

வியாபாரம் சூடு பிடித்தது. காலை ஷிப்டு முடிந்து பஸ் வரும்போது நாங்கள் மூவரும் ஐஸ் பெட்டியோடு நிற்போம். இறங்கும் பெண்கள் பாக்கெட்டை வாங்கிக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு போவார்கள். அண்ணியும் அதே பஸ்ஸில்தான் இறங்குவார். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டுவார்கள். அவர் போய்க் கிரைண்டரைப் போடுவார். அரைத்தது முழுவதும் விற்பனைக்கே போய்விடுவதால், எங்கள் வீட்டுக்கென்று தனியாக இன்னொரு தடவை அரைப்பார். நான்கு வாரம் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்து என்ன பயன்?

ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமை அண்ணி பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் வந்து நின்றார்.

“எனக்கு ரெண்டு பாக்கெட்.”

“என்ன அண்ணி, வெளையாடுறீங்களா?”

“நேத்து நான் அரைச்ச மாவுதானே? நம்ம வீட்டுக்கு இன்னைக்கு நான் அரைக்கல லா. இந்தா, காசு.”

சுற்றிலும் சிரிப்பு. எனக்கு முகம் சிவந்துவிட்டது. “எல்லாரு முன்னாடியும் ஏன் இப்படி? வீட்டுல சொல்லியிருக்கலாமே,” என்று சீறினேன்.

“வீட்டுல வச்சுக் கேட்டா எனக்கு ஒரு பதில்தான் இருக்கு,” என்றார். பாக்கெட்டுகளைப் பேப்பரில் சுற்றவும் விடவில்லை. கையில் அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தார்.

அந்தச் சனி ஞாயிறு முழுவதும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் அவர்மேல் இல்லை என்பது ஞாயிறு மாலைதான் எனக்குப் புரிந்தது. பஸ் நிறுத்தத்தில் கேட்டால்தான் உண்மை வரும் என்று சொல்லித் தந்தவரையே, அம்மாவை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை விடியற்காலையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

“அண்ணி, கடைசி வாரம் அரைச்சுத் தருவீங்களா?”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “மாட்டேன்மா. தோள்பட்டை விட்டுப்போகுது.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். ஆறாவது வாரம் நானே அரைத்தேன். உளுந்து சரியாகப் பொங்கவில்லை, மாவு ரவைபோல நறநறத்தது. வாங்கியவர்களில் பாதிப் பேர் மறுநாள் வரவில்லை. கடைசி வார விற்பனை ஏன் விழுந்தது என்று வகுப்பில் விரிவுரையாளர் கேட்டார். அரைத்தவர் வேலையை விட்டுவிட்டார் என்றேன். வகுப்பு சிரித்தது, என் சீனத் தோழி மட்டும் சிரிக்கவில்லை. ஆறு வாரத்தையும் ஒப்பேற்றிவிட்டதால் மூவரும் தட்டுத் தடுமாறித் தேறினோம்.

தேர்ச்சிச் செய்தியோடு வீட்டுக்கு வந்த அன்று அம்மா ஹாலில் இருந்தார். வேலையிலிருந்து வந்த அண்ணி அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஊறவைத்த அரிசி அடுக்களையில் இருந்தது.

“இன்னைக்கு யாரு மாவு அரைக்கிறது அண்ணி?” என்று கேட்டேன்.

அண்ணி அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ அரை,” என்றார். “நான் கொஞ்சம் படுக்கணும்.”